துணைக்கு யார்?

தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் ஒரு நூற்பா உண்டு. கடல் கடந்து செல்லும் ஆடவன் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று அதற்குப் பொருள் கொள்வர். வேறு பொருள் கூறும் உரையாசிரியரும் உளர். எப்படியாயினும், அது மிகப் பழைய காலத்து வழக்கம் என்று எண்ணி நாம் தேர்வுக்குப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஆனால் எங்கள் மங்கலம்பேட்டையைப் பாருங்கள். அங்கே கடல் கிடையாது. கடலைக் காண வேண்டுமானால் பேருந்து ஏறிக் கடலூர் தேவனாம்பட்டினத்துக்குத்தான் போக வேண்டும். கடல் இல்லாத அந்த ஊரிலும் பழைய வழக்கம் மட்டும் குடியிருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆண்கள் போய் வருகிறார்கள். ஒரு பெண் உளுந்தூர்பேட்டைக்குப் புறப்பட்டால்கூட, "துணைக்கு யார்?" என்ற கேள்வி வாசற்படியில் வந்து நிற்கும். துணை என்றால் அண்ணன், அப்பா, சித்தப்பா, ஒருவரும் இல்லாவிட்டால் பத்து வயதுத் தம்பி!

துணை என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன? பாய்மரப் படகில் உலகைச் சுற்றியவர்களின் கதையில் அதற்கு விடை கிடைக்கிறது.

எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் 30 அடி நீளமே உள்ள படகில் 1952இல் புறப்பட்டு, துறைமுகம் துறைமுகமாகத் தங்கி, 1955இல் உலகைச் சுற்றி முடித்தனர். கணவனும் மனைவியும் சென்றார்கள், சரி. துணை ஆணாகத்தான் இருக்க வேண்டுமா?

2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகு புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் இருவர், இருவரும் பெண்கள், இந்தியக் கடற்படை அதிகாரிகள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் நம் பக்கத்துப் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. ஆஸ்திரேலியாவின் ஃபிரிமேன்டில், நியூசிலாந்தின் லிட்டெல்டன், ஃபாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென் ஆப்பிரிக்காவின் கேப்டவுன் ஆகிய நான்கே துறைமுகங்களில் தங்கி, 2025 மே மாத இறுதியில் கோவா திரும்பினர். கடந்த தொலைவு 25,000 கடல் மைலுக்கும் மேல். கொண்டு சென்றது காற்று.

லிட்டெல்டனை விட்டு 2025 ஜனவரியில் கிளம்பியவர்கள் அடுத்துத் தரையை மிதிக்க ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆயிற்று. வழியில் 'நெமோ முனை' என்னும் இடம். அங்கிருந்து எத்திசையில் சென்றாலும் நிலம் 2,600 கிலோமீட்டருக்கு அப்பால்தான். வானில் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையம் தலைக்கு மேலே கடக்கும்போது, அதில் இருப்பவர்களே மிக அருகிலுள்ள மனிதர்கள் என்பார்கள். அத்தனிமையைத் தாண்டிப் பிப்ரவரியில் தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றினர்.

நண்பர்களே, இருவர் மட்டுமே உள்ள படகில் இரவு எப்படிக் கழியும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும். காற்று திரும்பினால் பாயைத் திருத்த வேண்டும். எதிரே கப்பல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். உறங்குபவரின் உயிர் விழித்திருப்பவரின் கையில்! சில மணி நேரம் கழித்து முறை மாறும். துணை என்பது இதுதான். நாம் கண்ணயரும்போது நமக்காக விழித்திருப்பவர் துணை. அவர் கண்ணயரும்போது நாமும் விழித்திருக்க வேண்டும். இதில் ஆண் ஏது, பெண் ஏது?

அவர்கள் அஞ்சாமல் போனார்கள் என்று மேடைப்பேச்சாகச் சொல்ல நான் விரும்பவில்லை. கடலுக்கு அஞ்ச வேண்டும். அதனால்தான் மூன்று ஆண்டு பயிற்சி பெற்றார்கள். 2013இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி வந்த அபிலாஷ் டோமி அவர்களுக்கு வழிகாட்டினார். முதலில் மொரீசியஸ் வரை இருவராகவே சென்று பழகினார்கள். அச்சத்துக்கு மருந்து வீட்டில் இருப்பதன்று, பழகுவது.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. நானும் அடுத்த தெருத் தோழி ஒருத்தியும் மூன்று ஆண்டுகளாக ஒரே பேருந்தில் விருத்தாசலம் வந்து படிக்கிறோம். இருவருக்கும் சென்னையில் முதுகலை படிக்க ஆசை. இரு வீட்டிலும் ஒரே கேள்விதான். நான் அவளைக் காட்டுகிறேன். அவள் என்னைக் காட்டுகிறாள். "அதெல்லாம் துணையா?" என்கிறார்கள் பெரியவர்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. பெண்ணை அனுப்பிவிட்டு விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கப் போகிறவர்கள் அவர்கள்தாம். அதனால் நாங்களும் பழகிக் காட்டுகிறோம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இருவருமாகச் சென்று, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருகிறோம்.

இவ்வழக்குக்காக மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்ட வேண்டியதில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசினாலே தீரும் என்று நம்புகிறேன். இதைப் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தங்கை ஒரு தோழியுடன் வெளியூர் படிக்கப் புறப்பட்டு, "துணைக்கு யார்?" என்று வீட்டில் கேட்டால், நீங்கள் எழுந்து பெட்டியைத் தூக்க வேண்டாம். "அவளுக்கு அவள் துணை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.