பூட்டியது யார்?

டிஸ்க் போய்விட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் முடிவுகட்டினார்கள். பதினைந்து வருடப் படங்கள் ரூட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கறுப்பு நெட்வொர்க் டிஸ்க் பெட்டியில். புது லேப்டாப் வந்ததிலிருந்து பெட்டியின் ஃபோல்டர் திறக்கவில்லை. ஆனால் பிங் அடித்தால் பதில் வந்தது. பிரௌசரில் முகவரியைத் தட்டினால் பெட்டியின் அமைப்புப் பக்கம் திறந்து, டிஸ்க் நலம் என்றது. டிஸ்கும் வயரும் சரி. இரண்டு இயந்திரங்களுக்கும் இடையே பேச்சுதான் நின்றுபோயிருந்தது.

காரணத்தை விண்டோஸே சொன்னது: இந்தப் பெட்டி எஸ்.எம்.பி.1 என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையைக் கேட்கிறது, அது வழக்கொழிந்தது, ஆபத்தானது. நேற்றுவரை வேலை செய்தது இன்று எப்படி ஆபத்தானது? அங்கே பிடித்த நூல் 1983-க்கு இழுத்துப் போனது.

ஐ.பி.எம்.மில் இருந்த பேரி ஃபைகன்பாம் அந்த ஆண்டு எஸ்.எம்.பி.-யை வடிவமைத்தார். டாஸில் ஓடும் புரோகிராம் கோப்பைத் திற, படி, எழுது என்று தன் சொந்த டிஸ்கிடம் கேட்பதை அப்படியே கம்பி வழியே இன்னொரு இயந்திரத்திடம் கேட்க வைப்பது நோக்கம். ஒரே அலுவலகத்து இயந்திரங்களுக்கு அது போதும். பிறகு மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது. நூற்றுக்கு மேற்பட்ட கட்டளைகள், துணைக் கட்டளைகள் என்று ஊதிப்போனது.

என் பெட்டிக்குள் ஓடுவதோ லினக்ஸ். அதற்குள் எஸ்.எம்.பி. நுழைந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கான்பராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், யூனிக்ஸ் இயந்திரத்தின் டிஸ்கைத் தன் டாஸ் கணினியிலிருந்து பயன்படுத்த நினைத்தார். வலையில் போய்வரும் தரவுப் பொட்டலங்களை ஒட்டுக்கேட்டு, எது எதற்கு விடை என்று ஊகித்து ஒரு சர்வரை எழுதிவிட்டார். 1992 ஜனவரியில் இலவசமாக வெளியிட்டார். அதுதான் சம்பா. உரிமத்தொகை கிடையாது என்பதால் என்னுடையதைப் போன்ற மலிவுப் பெட்டிகளின் வயிற்றில் போய் உட்கார்ந்தது.

பூட்டு விழுந்தது 2017-இல். அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ., எஸ்.எம்.பி.1-இன் ஓட்டையைக் கண்டுபிடித்து, அதன் வழியே தாக்கும் ஆயுதத்தையும் செய்து ரகசியமாக வைத்திருந்தது. மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைத்தது. ஏப்ரலில் அந்த ஆயுதம் வெளியே கசிந்தது. மே 12-ஆம் தேதி அதைப் பயன்படுத்தி வான்னாக்ரை என்ற பணயம் கேட்கும் தீநிரல் பரவியது. அடைப்பைப் போட்டுக்கொள்ளாத இயந்திரங்கள் சுமார் 150 நாடுகளில் விழுந்தன. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அக்டோபர் பதிப்பிலிருந்து விண்டோஸ் எஸ்.எம்.பி.1-ஐ ஓரங்கட்டத் தொடங்கியது. பயன்படுத்தாமல் விட்டால் 15 நாளில் தானே கழன்றுகொள்ளும் ஏற்பாடும் வந்தது. நெட்வொர்க் பட்டியலில் பழைய பெட்டிகளின் பெயர் காணாமல் போனதற்கும் இதுவே காரணம். அந்தப் பட்டியலும் எஸ்.எம்.பி.1-ஐ நம்பித்தான் இருந்தது.

மைக்ரோசாஃப்ட்டைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த பதிப்பான எஸ்.எம்.பி.2 விண்டோஸ் விஸ்டாவோடு 2006-லேயே வந்துவிட்டது. சம்பாவும் 2011-இல் 3.6 பதிப்பிலேயே அதைக் கற்றுக்கொண்டது. பெட்டி செய்த நிறுவனம் மட்டும் பழைய சம்பாவைப் போட்டு விற்றுவிட்டு, ஃபர்ம்வேரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் அங்கேதான் போக வேண்டும்.

படங்களை எடுப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ரூட்டரிலிருந்து இணைய வயரைப் பிடுங்கினேன். விண்டோஸ் அம்சங்களில் எஸ்.எம்.பி.1 கிளையன்ட்டை மட்டும் தற்காலிகமாக இயக்கி, எல்லாவற்றையும் வெளி டிஸ்குக்கு நகலெடுத்து, மறுபடி அணைத்தேன். அப்படியே திறந்து விட்டுவிடலாமே என்பார்கள். ஒரு ஃபோல்டருக்காக லேப்டாப்பைப் பணயம் வைக்க நான் தயாரில்லை.

புதுப் பெட்டி வாங்கப் போன கடையில், ஃபர்ம்வேர் அப்டேட் எத்தனை வருஷம் வரும் என்று கேட்டேன். "வாரன்டி மூணு வருஷம் சார்" என்றார் கடைக்காரர்.