எல்லை தாண்டாத மின்சாரம்

அமெரிக்காவில் என் மனைவிக்குப் பிடித்திருந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: அங்கே கரண்டு போகாது. 2012-ம் வருஷம் எங்கள் ஊரில் பகலில் பாதி, இரவில் பாதி என்று கரண்டு போய்க்கொண்டிருந்த நாளில், அரைபட்ட பாதி உளுந்தோடு கிரைண்டர் முன்னால் தவம் கிடந்தவள் அவள். 2020 பிப்ரவரியில் பெண்ணோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று டெக்ஸஸ் மாகாணத்துக்குப் போனோம். கொரோனா வந்து விமானத்தை நிறுத்திவிட்டது. வருஷம் ஒன்று ஓடிவிட்டது. அந்த ஒரு வருஷமும் அவளுடைய நம்பிக்கை பொய்க்கவில்லை, 2021 பிப்ரவரி 15-ந் தேதி பின்னிரவு வரையில்.

அதற்கு முன் பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எண்பதைத் தாண்டியவர். எண்ணெய்க் கிணறுகளில் இஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டாள். அவருக்குத் துணை ஒரு மிஷின். காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து, குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். சாயங்கால வேளைகளில் வேலிக்கு அந்தப்புறம் அவரும் இந்தப்புறம் நானும், முகமூடியோடு நின்று பேசுவோம்.

"அமெரிக்காவில் மின்வலை மூன்று தெரியுமா? கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, டெக்ஸஸுக்கு ஒன்று. எங்கள் கம்பியில் வாஷிங்டன்காரன் கை படாது!" என்பார். பேரன் பரீட்சையில் முதலாவதாகத் தேறினான் என்று சொல்கிறவரின் முகம் அப்போது அவருக்கு.

விஷயம் இதுதான். 1935-ல் ரூஸ்வெல்ட் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. மாகாண எல்லை தாண்டி மொத்தமாக விற்கப்படும் மின்சாரத்துக்கு விலையும் நிபந்தனையும் சொல்லும் அதிகாரம் மத்திய சர்க்காரின் கமிஷனுக்குப் போயிற்று. டெக்ஸஸ் கம்பெனிகள் யோசித்தன. எல்லையைத் தாண்டினால்தானே கமிஷன்? தாண்டாமலே இருந்துவிட்டால்? அவ்வளவுதான், கம்பிகளை எல்லையோடு நிறுத்திக்கொண்டன. வக்கீல் மூளை என்று சொல்லுங்கள், வியாபாரி மூளை என்று சொல்லுங்கள், அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. சட்டத்தை யாரும் மீறவில்லையே!

அந்த ராத்திரி வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி இருக்கும். வீடு திடீரென்று மௌனமாகிவிட்டது. வெப்ப யந்திரத்தின் முனகல் நின்ற பிறகுதான், இத்தனை நாளும் அது முனகிக்கொண்டிருந்ததே தெரிந்தது. எல்லோரும் எழுந்து உட்கார்ந்தோம். என் மனைவிதான் முதலில் பேசினாள். "பக்கத்து வீட்டு மாமாவின் மிஷின்?"

மாப்பிள்ளை கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். கால் மணி நேரத்தில் கிழவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். கூடவே இரண்டு சிறிய பிராணவாயு சிலிண்டர்கள், அவசரத்துக்கென்று வைத்திருந்தவை. எங்கள் அடுப்பு காஸ் அடுப்பு. தீக்குச்சியால் பற்றவைத்து, என் மனைவி மிளகு ரசம் காய்ச்சினாள். கிழவர் ஒரு கையில் கிண்ணமும் மறு கையில் டார்ச்சுமாக, சிலிண்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இருட்டில்தான் 1976-ம் வருஷத்துக் கதையைச் சொன்னார். ஒரு தாய்க் கம்பெனிக்கு டெக்ஸஸிலும் ஓக்லஹோமாவிலும் மின்சாரக் கம்பெனிகள் இருந்தன. எல்லாம் ஒரே வலையாக இருந்தால்தான் அதற்குச் சட்டப்படி சௌகரியம். மே மாதம் 4-ந் தேதி ராத்திரி, யாருக்கும் சொல்லாமல் ஸ்விட்சைப் போட்டு, சில மணி நேரம் ஓக்லஹோமாவுக்கு மின்சாரம் அனுப்பிவிட்டது! எல்லை தாண்டியாயிற்று, கமிஷன் வந்துவிடும். மற்றக் கம்பெனிகள் பாம்பை மிதித்தவர்கள் போலத் தங்கள் கம்பிகளைத் துண்டித்துக்கொண்டன. வழக்கு வருஷக் கணக்கில் நடந்தது. கடைசியில் டெக்ஸஸ் தன் தனிமையைக் காப்பாற்றிக்கொண்டது; வெளியாருடன் கொடுக்கல் வாங்கலுக்குச் சின்னச் சின்ன வாசல்கள் மட்டும் வைத்துக்கொண்டது.

"எங்கள் பக்கமும் தனிமை உண்டு" என்றேன் நான். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவே இருண்டபோது, இரண்டாம் நாள் அறுபது கோடி ஜனங்கள் தவித்தபோது, தென்னாட்டில் விளக்கு எரிந்தது. எங்கள் வலை அப்போது வடக்கோடு ஒன்றாகச் சேராததால்.

"பார்த்தீர்களா!" என்று நிமிர்ந்தார் கிழவர்.

மீதியையும் சொன்னேன். அதே வருஷம், வடக்கே மிஞ்சிய மின்சாரத்தைக் கொண்டுவரப் போதிய கம்பி இல்லாமல், எங்கள் கிரைண்டர் நின்றது. 2013 டிசம்பர் 31-ந் தேதி ராய்ச்சூர் – ஷோலாப்பூர் கம்பி வழியாக நாங்களும் சேர்ந்துவிட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. ரசத்தை ஊதிக் குடித்தார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது என்ன நடந்தது என்பது பிறகுதான் வெளிவந்தது. அமெரிக்க மின்வலையின் நாடி விநாடிக்கு 60 துடிப்பு. அன்றிரவு 59.3-க்கு இறங்கியது. 59.4-க்குக் கீழே ஒன்பது நிமிஷம் நின்றால் மின் நிலையங்கள் தாமாகவே விலகிக்கொள்ளும். பிறகு மாகாணம் முழுவதும் வாரக் கணக்கில், மாதக் கணக்கில்கூட இருளில் கிடக்கலாம். நின்றது 4 நிமிஷம் 23 விநாடி. லட்சக்கணக்கான வீடுகளின் கரண்டை வெட்டித்தான் வலையைக் காப்பாற்றினார்கள். காற்றாலை உறைந்தது, நிலக்கரி நிலையம் உறைந்தது, எல்லாவற்றையும்விட அதிகமாக எரிவாயு காலை வாரியது. கிணறுகள் உறைந்தன. உறையாத கிணறுகளில் சிலவற்றுக்கோ, தெரியாமல் கரண்டை வெட்டிவிட்டார்கள்! 2011-லேயே இப்படி ஒரு குளிர் வந்து, யந்திரங்களுக்குக் குளிர்காப்புச் செய்யுங்கள் என்று மத்திய கமிஷன் விசாரித்து எழுதியிருந்தது. யோசனைதானே, கட்டளை இல்லையே என்று விட்டுவிட்டவர்கள் பலர். அதே மாகாணத்தில், ஆனால் மேற்கு வலையில் சேர்ந்த எல் பாஸோ நகரம் 2011-க்குப் பிறகு செலவு செய்து தயாராகியிருந்தது. அங்கே விளக்கு அநேகமாக அணையவில்லை.

மறுநாள் மத்தியானம் இரண்டாவது சிலிண்டரும் தீரும் நிலை. சாலை கண்ணாடிபோல் உறைந்து கிடந்தது. மாப்பிள்ளை காரை வெளியே பனியில் நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டு, அதிலிருந்து கம்பி இழுத்துக் கிழவரின் மிஷினை ஓட்டினார். (குளிருக்குப் பயந்து மூடிய கொட்டகைக்குள் காரை ஓடவிட்டு, புகையில் மூச்சடைத்துச் செத்தவர்கள் உண்டு.) முன்பு சிலிண்டர் முள், இப்போது பெட்ரோல் முள். முதல் கார் தீர்ந்து, இரண்டாவது காரும் தீரப்போகிற சமயத்தில், செவ்வாய்க்கிழமை இரவு, விளக்கு வந்தது. கிழவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் விடவில்லை.

எல்லோருக்கும் மாப்பிள்ளையும் இரண்டு காரும் வாய்க்கவில்லை. மாகாண சர்க்கார் கணக்கிலேயே செத்தவர்கள் 246 பேர். மின்சாரத்தின் மொத்த விலை யூனிட்டுக்கு 9 டாலர் என்ற உச்சத்தில் நான்கு நாள் நின்றது. மற்ற நாளில் அது சில சென்ட்தான். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் சந்தை விலைத் திட்டத்தில் சேர்ந்திருந்தார். இரண்டு விளக்கும் ஒரு கணப்பும் போட்டதற்கு ஆயிரக்கணக்கான டாலருக்குப் பில் வந்தது. வீடுகளுக்கு அந்தத் திட்டத்தையே அவ்வருஷம் தடை செய்தார்கள், குளிர்காப்பும் கட்டாயமாயிற்று. கடன் மட்டும் பல வருஷத்துக்கு மாதப் பில்லில் சில்லறையாக வசூலாகிறது. 1935-ல் எல்லையோடு நின்றவர்கள் தங்கள் லாபக் கணக்கைச் சரியாகத்தான் போட்டார்கள். 86 வருஷம் கழித்து ஒரு கிழவர் டார்ச்சும் கையுமாக முள்ளைப் பார்ப்பதற்கு அதில் பத்தி கிடையாது.

ஏப்ரலில் ஒருவழியாக விமானம் கிடைத்தது. விடைபெறப் போனபோது, கிழவர் வீட்டின் பக்கவாட்டில் புதிய ஜெனரேட்டர் ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது. "இதற்கு வாஷிங்டனும் வேண்டாம், ஆஸ்டினும் வேண்டாம். தெருக் குழாயிலிருந்து எரிவாயு வருகிறது, தானே ஓடும்" என்றார், பழைய முகத்தோடு.

அந்த எரிவாயு எங்கிருந்து வருகிறது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.