பசி அடங்கிய வீடு

முக்கூடல் என்றதும் தமிழ் படித்தவர்கள் பள்ளு நூலை நினைத்துக்கொள்கிறார்கள். அந்த முக்கூடல் எங்கள் ஊரன்று. தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரிப் பக்கந்தான் முக்கூடற்பள்ளு பாடும் இடம் என்பதை ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் முக்கூடல் அதே ஆற்றின் மேற்புறத்தில் இருக்கிறது. ஆற்றங்கரையில் முத்துமாலை அம்மன் கோயில்; திண்ணைகளில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள். இந்த ஊரில், 2025ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், பசியைக் குறைப்பதற்காக நாங்கள் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கினோம். முதல் பன்னிரண்டு வாரங்களில் வீட்டில் நடந்ததை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

நாங்கள் என்பது கணவன் மனைவி இருவர். ஒருவருக்குத் தமிழ், மற்றவருக்குக் கணிதம்; இருவருமே கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள்; இருவருமே நாற்பதைக் கடந்தவர்கள். ஒருவர் எடை 96 கிலோ, மற்றவர் 84. ஒருவருக்கு ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி 8.6இல் நின்றது. மற்றவருக்கு மாடிப்படி ஏறினால் முழங்கால் வலி. நடைப்பயிற்சி, சப்பாத்தி, கொள்ளுக் கஞ்சி எல்லாம் முயன்று பார்த்தாயிற்று. தொடங்கிய ஒவ்வொன்றும் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் முடிந்தது. திருநெல்வேலியில் நாங்கள் பார்க்கும் மருத்துவர்தான் டிர்செபடைடு என்ற மருந்தைப் பற்றிச் சொன்னார். மவுன்ஜாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் அது இந்தியாவுக்கு வந்திருந்தது. வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நான்கு வாரம் 2.5 மில்லிகிராம், பிறகு 5. தொடக்க அளவுக் குப்பி ஒன்று 3,500 ரூபாய், அடுத்தது 4,375. இரண்டு பேருக்கு ஒரு மாதத்துக்கு என்று கணக்குப் போட்ட கணித ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நாம் உண்ணும்போது குடலிலிருந்து சில இயக்குநீர்கள் சுரக்கின்றன. அவை கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்கின்றன. இரைப்பை மெதுவாகக் காலியாகச் செய்கின்றன. போதும் என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோகின்றன. சில நிமிடங்களில் சிதைந்துவிடும் அந்த இயக்குநீர்களைப் போலவே நடித்து, ஒரு வாரம் வரை நிலைத்து நிற்பது இந்த மருந்து. இந்த வகையில் முதலில் அங்கீகாரம் பெற்ற மருந்து அமெரிக்காவில் 2005இல் வந்தது. கிலா என்ற நச்சுப் பல்லியின் எச்சிலில், 1992இல் ஜான் எங் என்ற ஆய்வாளர் கண்டறிந்த ஒரு பொருளிலிருந்து பிறந்தது அது. அந்தப் பல்லி ஆண்டுக்குச் சில முறைதான் இரை தின்னுமாம். குமட்டல் வரும், மலச்சிக்கல் வரும், தசையும் கரையக்கூடும், ஆகவே பருப்பும் முட்டையும் முதலில் சாப்பிடுங்கள் என்றார். வயிறு கடுமையாக வலித்தால் உடனே வரவேண்டும் என்று இருமுறை சொன்னார்.

பனிக்கட்டிப் பொதியுள்ள சிறு பெட்டியோடு வேய்ந்தான்குளம் நிலையத்தில் பேருந்து ஏறினோம். அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு ஒருவருக்கொருவர் ஊசி போட்டுக்கொண்டோம். வலிக்கவேயில்லை. மூன்றாம் நாள் காலையில் இட்லித் தட்டின்முன் அமர்ந்தபோதுதான் அந்த மாற்றம் தெரிந்தது. இரண்டு இட்லியோடு கை தானாக நின்றுவிட்டது. அது வெறுப்பன்று, திகட்டலுமன்று. பக்கத்து வீட்டில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த அரவை இயந்திரம் நின்ற பிறகுதான், இத்தனை நேரம் அது ஓடிக்கொண்டிருந்தது என்பதே நமக்கு உறைக்கும் அல்லவா, அதுபோல. பதினொரு மணிக்கு வடை, நான்கு மணிக்குச் சேவு, படுக்கும்முன் ஒரு துண்டு அல்வா என்று நாளெல்லாம் மனத்தின் அடியில் ஓடிய பேச்சு ஓய்ந்துபோயிற்று. இத்தனை ஆண்டுகளாக அதைத்தான் பசி என்று எண்ணியிருந்தோம். அழுகிய முட்டை மணத்தோடு ஏப்பம் வந்தது. இரண்டு நாள் குமட்டியது. ஆனாலும் விடுதலை பெற்றாற்போலத்தான் இருந்தது.

இந்த விடுதலையை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் அந்திவரை பீடி சுற்றி எழும் பெண்களின் முன்னால், பசிக்காமலிருக்க மாதம் இவ்வளவு ரூபாய் கொடுக்கிறோம் என்று சொல்ல நா எழவில்லை. வீட்டிலிருக்கும் அம்மாவிடமும் சொல்லவில்லை. எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை. எழுபத்தைந்து வயது. அடுக்களை இன்றும் அவர் ஆட்சியில்தான். குளிர்பெட்டியில் மாவுச் சட்டிக்குப் பின்னால் இருந்த குப்பிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது, சர்க்கரைக்கான ஊசி என்றோம். அது பொய்யுமன்று, முழு மெய்யுமன்று.

அம்மாவின் கணக்கு உழக்குக் கணக்கு. மதியத்துக்கும் இரவுக்குமாக மூன்று உழக்கு அரிசி. சனிக்கிழமை சொதி. தேங்காய்ப்பால் மூன்று எடுத்து, இஞ்சித் துவையல் அரைத்து, நாங்கள் முதல் வாய் வைக்கும்வரை அருகில் நிற்பார். நாங்கள் அரைக் கரண்டியோடு எழுந்தபோது அவர் முகம் சுருங்கியது. "உப்புக் கூடிட்டோ?" என்று கேட்டார். இல்லை என்றோம். மறுவாரம் உப்பைக் குறைத்தார். அதற்கடுத்த வாரம் அடுக்குச் சாப்பாட்டில் இன்னொரு பொரியலைச் சேர்த்தார். கல்லூரியிலிருந்து பாதி நிறைந்தே திரும்பிவரும் பாத்திரங்களைக் கழுவப் போட்டுவிட்டு எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அவற்றில் இருந்த சோறு எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அந்தப் பருவத்தில் வகுப்பில் மணிமேகலை நடந்துகொண்டிருந்தது. காயசண்டிகை கதையை எங்களில் ஒருவர் பலமுறை நடத்தியிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் உண்ணும் முனிவருக்குரிய நாவற்கனியைக் காலால் சிதைத்துவிட்டாள் அவள்; அவள் பெற்ற சாபம், எவ்வளவு உண்டாலும் தீராத யானைத்தீ என்னும் பசி, அதுவும் பன்னிரண்டு ஆண்டு. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட சோறு அதைத் தணித்தது. பசியைப் பிணி என்று அழைத்த மொழி, அதற்கு மருந்து என்று சொன்னது சோற்றைத்தான். காலையிலிருந்து ஒன்றும் உண்ணாமல், உண்ணவேண்டும் என்ற நினைவும் இல்லாமல், அதை விளக்கிக்கொண்டு நிற்பது ஒரு மாதிரியாக இருந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் காலையில் உண்டு வந்தவர்கள் என்ற எண்ணம் அன்று வந்தது. இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் அப்படி ஓர் எண்ணம் அடிக்கடி வந்ததில்லை.

ஒன்பதாவது வாரம், நள்ளிரவில் அம்மாவுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். கை சில்லிட்டு, நாக்கு வறண்டு, எங்களை அடையாளம் காணவே சிறிது நேரமாயிற்று. ஆட்டோ பிடித்து ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். விடியும்வரை குளுக்கோஸ் ஏறியது. கெட்டுப்போன உணவு என்றார்கள். வீட்டில் ஒன்றும் கெட்டுப்போகவில்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா கண்ணைத் திறந்து, "ராத்திரி ஒங்க தூக்குல இருந்ததத்தான் சாப்பிட்டேன்" என்றார். ஒரு நாளா என்று கேட்டோம். "தெனமுந்தான். சோத்தக் கொட்டச் சொல்லுதியளா?"

இரண்டு மாதமாக நாங்கள் உண்ணாமல் விட்டதையெல்லாம் அம்மா உண்டுகொண்டிருந்தார். நாள் முழுவதும் வெக்கையில் கிடந்த சோற்றை, தமக்கென்று புதிதாக வடித்ததை எடுத்துவைத்துவிட்டு. நாங்கள் இளைத்துக்கொண்டிருந்தோம், எங்கள் மிச்சம் அந்தக் கிழவயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

வீடு திரும்பிய அன்று எல்லாவற்றையும் சொன்னோம். குப்பியையும் ஊசியையும் காட்டினோம். விலையை மட்டும் பாதியாக்கிச் சொன்னோம். அதற்கே, "பசிக்காம இருக்கதுக்கா இம்புட்டுத் துட்டு?" என்றார். சற்று நேரம் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்க ஆத்தா காலத்துல இது இருந்திருந்தா, எங்க அஞ்சு பேருக்கும் போட்டுவிட்டுட்டு நிம்மதியா ஒறங்கியிருப்பா."

அம்மா 1950இல் பிறந்தவர். 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது முதல் வகுப்பு. ஆற்றுக்கு அந்தப்புறம் சேரன்மகாதேவி ரயில்வே கேட்டருகே, மாடு மேய்த்த சிறுவனைக் காமராசர் பள்ளிக்குப் போகவில்லையா என்று கேட்டதும், சோறு போட்டால் வருகிறேன் என்று அவன் சொன்னதுமாக ஒரு செய்தி இந்தப் பக்கம் வழங்கிவருகிறது. அதை நாங்கள் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம். அந்தச் சோற்றை உண்டவர் எங்கள் அடுக்களையில் இருக்கிறார் என்பதை நினைத்ததில்லை. பள்ளியில் இட்ட சோற்றில் ஒரு பிடியைப் பாவாடை மடியில் கட்டிக்கொண்டு வந்து தம்பிக்குக் கொடுத்ததை அன்றுதான் சொன்னார். இவ்வளவு காலமாக அவர் எங்கள் தட்டில் வைத்த அந்த இன்னொரு கரண்டி எந்த வயிற்றுக்கானது என்பது ஓரளவு புரிந்தது. எங்கள் உடம்பில் சேர்ந்த கொழுப்பில் ஒரு பங்கு, அவருடைய பழைய பசி.

பன்னிரண்டாவது வாரம் எடை 88, 79. சர்க்கரைச் சராசரி 6.9. மருத்துவர் மகிழ்ந்தார். நிறுத்தினால் என்னவாகும் என்று கேட்டோம். இதே குடும்பத்தைச் சேர்ந்த செமாகுளூட்டைடை நிறுத்தியவர்கள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டில் திரும்பப் பெற்றார்கள் என்று 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொன்னார். செமாகுளூட்டைடின் காப்புரிமையும் இந்தியாவில் 2026 மார்ச்சில் முடிந்துவிட்டது. நாங்கள் ஊசியைத் தொடர்கிறோம். சர்க்கரை தின்றுவிட்ட கால்களையும் கண்களையும் இந்தத் தெருவில் நிறையப் பார்த்திருக்கிறோம். ஆகவே அதில் குற்ற உணர்வு கொள்ள ஏதுமில்லை. மிச்சத்தை இப்போது வீட்டில் வைப்பதில்லை. தூக்கில் எவ்வளவு வேண்டும் என்று காலையிலேயே நாங்களே போட்டுக்கொள்கிறோம். இரவில் மூவரும் ஒன்றாக அமர்கிறோம். அம்மாவின் தட்டில் முதலில் சோறு விழுகிறது.

அரிசி இப்போது இரண்டு உழக்கு. ஆனாலும் மூன்றாவது உழக்கை அள்ளிய கை பானைக்கு மேல் சற்று நின்று, பிறகு திரும்பக் கொட்டுகிறது. அந்த நேரத்தில் நாங்கள் அடுக்களைப் பக்கம் பார்ப்பதில்லை.