கரண்டிக் காம்புக்குள் அரக்கு

தடாவில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் நான், வெள்ளி விலைக்கு அரக்கு விற்றிருக்கிறேன். வாங்கியவர்கள் யாருக்கும் அது தெரியாது. அந்தக் கரண்டிகள் இன்றும் பல வீட்டு விசேஷங்களில் பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரிக்குப் பனிக்காலத்தில் வந்து நிற்கும் பூநாரைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வளைந்த கழுத்தைக் காம்பாகவும் உடம்பைக் கிண்ணமாகவும் வைத்து ஒரு பரிமாறும் கரண்டி செய்தேன். அதற்கு முன் நாங்கள் செய்ததெல்லாம் தாமரையும் மயிலும் லட்சுமியும்தான். மெட்ராஸில் பி. ஆர் அண்ட் சன்ஸ் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்களுக்குச் செய்துகொடுத்த சுவாமி வேலைப்பாட்டின் நிழல் எங்கள் தொழிலில் இன்னும் இருக்கிறது. பாத்திரம் எதுவானாலும் தெய்வ உருவம் வேண்டும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு ராபினோவிச் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியர் கொடுத்த தட்டையான பரிமாறும் கரண்டிகளைப் படத்தில் பார்த்திருக்கிறேன். இக்கால வெள்ளி வேலைக்காரர்களிடம் சொல்லி அவர் செய்யவைத்தவை. உணவு பரிமாறும் ஒரு சாமானில் இவ்வளவு கற்பனைக்கு இடம் உண்டா என்று அன்று நெஞ்சு நிமிர்ந்தது. என் பூநாரையும் அந்த வரிசையில் நிற்கும் என்று நம்பினேன். ஸ்ரீசிட்டி கம்பெனிகள் பரிசாகக் கொடுக்க வாங்கின. சூளூர்பேட்டை, நாயுடுபேட்டைக் கல்யாண வீடுகள் சீருக்கு வாங்கின.

கழுத்து செய்வது இப்படி. தகட்டைச் சுருட்டிக் குழாயாக்கி, வெங்காரம் தடவி, பற்றாசுப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்க வேண்டும். வெறும் குழாயை வளைத்தால் நடுவில் நசுங்கி மடிந்துவிடும். அதனால் அரக்கையும் செங்கல்பொடியையும் உருக்கி உள்ளே ஊற்றி, ஆறி இறுகிய பிறகு மரச்சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டி வளைப்போம். வளைவு வந்ததும் அனல் காட்டி அரக்கு முழுவதையும் வடித்துவிட்டு அலகைப் பொருத்த வேண்டும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், அரக்கு வடிந்துவிட்டதா என்று குழாயைக் காதருகே வைத்துச் சுண்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால்தான் அலகை எடுத்துக் கையில் கொடுப்பார்.

நான் வடிக்காமல் அலகைப் பொருத்தினேன். முதலில் அவசரம்; முகூர்த்தத்துக்கு முன் கொடுக்க வேண்டியிருந்தது. தராசில் வைத்தபோது முப்பது கிராம் கூடுதலாக நின்றது. அந்த எடைக்கும் பில் போட்டேன். செய்கூலி, சேதாரம் இரண்டையும் அதன் மேலேயே கணக்கிட்டேன். அடுத்த கரண்டிக்கு அவசரம் எதுவும் இல்லை. ஆனாலும் வடிக்கவில்லை. 2025இல் வெள்ளி கிராமுக்கு நூறு ரூபாயை நன்றாகத் தாண்டியபோது அந்த முப்பது கிராம் எனக்கு வருமானமாகவே ஆகிவிட்டது. வெள்ளியின் தரத்தில் நான் கை வைத்ததில்லை, 92.5 என்றால் 92.5தான். அதையே சொல்லிச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

காளஹஸ்திப் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா கரண்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். அலகுக்கும் கழுத்துக்கும் நடுவே செம்பழுப்பாக ஒரு துளி கசிந்து உறைந்திருந்தது. வெள்ளியைப்போல் சூட்டைக் கடத்தும் உலோகம் வேறில்லை. கொதிக்கிற பாயசத்தில் கரண்டியைப் போட்டு வைத்தால் சூடு கழுத்து வழியே ஏறி, உள்ளே அரக்கு இளகி வழி தேடும்.

"ஆச்சாரி, இது என்னப்பா, பாயசத்துல பழுப்பா சொட்டுது? புள்ளைங்க சாப்பிட்டுடுச்சுங்க, ஒண்ணும் ஆகாதே?"

"மெருகு போட்ட அழுக்கும்மா. பூந்திக்கொட்டைத் தண்ணியில கழுவினா போயிடும்."

அவர் நம்பினார். "உன் கை வேலைன்னா எங்க வீட்டுல எல்லாருக்கும் உசுரு" என்று சொல்லிவிட்டுப் போனார். எடையில் ஏமாற்றியதைவிட இந்தப் பொய்தான் எனக்குப் பெரிய குற்றமாகத் தெரிகிறது. பிள்ளைகள் சாப்பிட்ட பண்டத்தைப் பற்றி ஒரு தாய் பயந்து கேட்டபோது, அவருக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை.

சூடு படாத சாமானில் உள்ளே அரக்கு இருப்பது தவறில்லை. மெல்லிய தகட்டுக்கு அது பலம். அமெரிக்காவில் உள்ளே சிமெண்ட் அடைத்த வெள்ளி மெழுகுவத்தித் தண்டுகளின் அடியில் 'வெயிட்டட்' என்று முத்திரை குத்தியே விற்கிறார்கள். நான் அதை மறைத்து, வெள்ளி என்று சொல்லிப் பணம் வாங்கினேன். 2025 செப்டம்பரில் வெள்ளிக்கும் ஹால்மார்க் எண் வந்தது, அப்போது அது கட்டாயமில்லை. அந்த எண் உலோகத்தின் தரத்துக்குச் சாட்சி. பிறகு பட்டறையில் குழாய்க்குள் எதை ஊற்றி மூடினார்கள் என்பதற்கு அது சாட்சி சொல்லாது.

பூநாரைக் கரண்டி வாங்கியவர்களே, தடாவுக்குக் கொண்டுவாருங்கள். அலகைக் கழற்றி, உங்கள் கண்முன்னே அரக்கை வடித்து, எடை போட்டு, குறைகிற ஒவ்வொரு கிராமுக்கும் அன்றைய விலையில் பணம் தருகிறேன். அதற்கு வாங்கிய செய்கூலியையும் சேதாரத்தையும் சேர்த்தே தருகிறேன். பெரியம்மாவின் வீட்டுக்கு நானே போய்ச் சொல்லப்போகிறேன். இனி யாரிடம் வெள்ளிச் சாமான் வாங்கினாலும், காம்பு குழாயாக இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வெள்ளியின் எடையைத் தனியாகப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.