கிணறு அனுப்பிய செய்தி

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, எழுதுவதற்கு என்னிடம் என்ன உண்டு என்றே முதலில் எண்ணினேன். கல்லூரியின் பெருமைகளை எழுத என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். ஆயின், கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்திற் கற்ற பாடமொன்றை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நான் மறந்ததும், எங்கள் வீட்டுக் கிணறு அதனை எனக்கு மீண்டும் கற்பித்ததும் ஆகிய கதையொன்று உண்டு. அதனையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை என்பதும், மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி நிலத்தடியிலே தங்குவதே நமது நீர்ச்செல்வம் என்பதும் எல்லோரும் அறிந்தவையே. அந்த நன்னீர், தன்னிலும் பாரம் கூடிய கடல்நீரின் மேல் வில்லை வடிவில் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் உண்டு என்பது கைபென், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் பெயரால் வழங்கும் கணக்கு. இக்கணக்கின் மறுபுறமே அஞ்சத்தக்கது. மேலே ஓரடி குறைந்த நிலை நீடித்தால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலெழும். ஒரே கிணற்றில் நெடுநேரம் வேகமாக இறைத்தால், அக்கிணற்றின் நேர் கீழே உவர்நீர் கூம்புபோல் எழுந்து வரும்.

எங்கள் வளவுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. அயலிலுள்ள ஏழெட்டுக் குடும்பங்கள் குடிதண்ணீருக்கு வருவது அதற்கே. வளவை அடுத்த தோட்டத்திற்கும் அதிலிருந்தே இறைப்பு நடைபெறுகின்றது. அங்கே வசிப்பவர் என் மூத்த சகோதரி. ஊர்ப் பாடசாலையிற் பல்லாண்டுகள் எண்கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். நானோ கொழும்பில் இருப்பவன். ‘கிணறு எப்படி இருக்கிறது?’ என்று தொலைபேசியிற் கேட்பதற்குப் பதிலாக, கிணற்றையே பேச வைத்தால் என்ன என்னும் ஆசை 2023ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் எனக்கு எழுந்தது.

இதற்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் உணரி. நீரில் உப்பு மிகுந்தால் மின் எளிதாகச் செல்லும். கடல்நீரில் இது சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 50,000 மைக்ரோசீமென்ஸ் ஆகும். மற்றையது, உணரி கம்பி வழியே சொல்வதை வாங்கி வானலையில் ஏற்றிவிடும் மாற்றி. தீப்பெட்டி இரண்டினை அடுக்கியது போன்ற சிறு பெட்டி.

உணரி பேசுவது ‘ஆர்.எஸ். 485’ என்னும் இருகம்பி முறையில். 1983இல் வகுக்கப்பட்ட இம்முறையில், வேகம் குறைவாயிருப்பின், செய்தி 1200 மீற்றர் வரை கம்பியிற் செல்லும். எங்கள் கிணற்றுக்கும் வீட்டுக்கும் இடையே அறுபது மீற்றரே. ஆகவே மாற்றியைக் கிணற்றுக் கட்டில் வைத்து மழைக்கும் வெயிலுக்கும் காவல் செய்யாது, கம்பியை விறாந்தை வரை இழுத்து மாற்றியை அங்கே கூரையின் கீழ்ப் பொருத்தினேன். இத்துறையிற் புதிதாக இறங்குவோருக்கு நான் கூறக்கூடிய முதலாவது புத்திமதி இதுவே: கம்பி செல்லக்கூடிய தூரத்தைக் கம்பிக்கே விட்டுவிடுக, எஞ்சியதை மட்டும் வானலைக்குக் கொடுக்க.

மாற்றியை ஒழுங்கு செய்வது கடினமன்று, பொறுமையே வேண்டும். மின் கொடுத்தவுடன் அது தன் பெயரில் ஒரு வைபை வலையை விரிக்கும். கைத்தொலைபேசியால் அதிற் புகுந்து, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, மூன்று செய்திகளைச் சொல்லிவைக்க வேண்டும். முதலாவது, உணரியின் பேச்சு வேகம். என் உணரிக்கு அது செக்கனுக்கு 9600 பிற்று. ஒவ்வோர் எழுத்துக்கும் எட்டுப் பிற்று, பிழைகாண் பிற்று இல்லை, நிறுத்தப் பிற்று ஒன்று. இந்நான்கில் ஒன்று பிழைத்தாலும் உரையாடல் நடவாது. இரண்டாவது, எந்த வைபை வலையிற் சேர வேண்டும் என்பது. என் மாற்றிக்கு 2.4 கிகாஹேர்ட்சு அலையன்றி வேறொன்றும் கேளாது. வீட்டு ரவுட்டரில் அதனைத் திறந்துவிட நேர்ந்தது. மூன்றாவது, யாருக்குச் செய்தி செல்ல வேண்டும் என்பது. வீட்டு இணைப்பை வெளியிலிருந்து அழைப்பதற்கு நிலையான முகவரி இல்லை. எனவே மாற்றியே வெளியே அழைக்குமாறு செய்து, நான் வாடகைக்குப் பெற்றிருந்த சேவைக் கணினியின் முகவரியைக் கொடுத்தேன்.

அவ்வளவும் செய்தும் உணரி வாய் திறக்கவில்லை. மாலை முழுவதும் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஈற்றிற் காரணம் அற்பமாயிருந்தது. இருகம்பிகளின் முனைகளுக்கு ‘ஏ’, ‘பி’ எனப் பெயர் உண்டு. எது ஏ, எது பி என்பதில் உற்பத்தியாளர்களிடையே ஒற்றுமை இல்லை. கம்பிகளை இடம் மாற்றியவுடன் உணரி மறுமொழி தந்தது.

அதன் மொழி ‘மொட்பஸ்’ எனப்படும். 1979இல் தொழிற்சாலை இயந்திரங்களுக்கென வகுக்கப்பட்டது. கணினி எட்டு எண்களில் வினவும்: 1, 3, 0, 0, 0, 1, 132, 10. ‘முதலாம் இலக்க உணரியே, உன் பதிவகங்களைப் படிக்க வேண்டும், பூச்சிய இடத்திலிருந்து ஒன்றைத் தருக’ என்பது முதல் ஆறின் பொருள். இறுதி இரண்டும் வழியிற் செய்தி சிதைந்ததா என்று காண்பதற்கான சரிபார்ப்பு எண்கள். வினா முழுவதும் கம்பியிற் செல்ல எட்டு மில்லிசெக்கனுக்குச் சற்று மேலாகும். உணரி ஏழு எண்களில் விடை தரும். அவ்வேழும் சேரும்வரை மாற்றி காத்திருந்து ஒரே பொதியாக அனுப்பும்படி, 20 மில்லிசெக்கன் மௌனமே செய்தியின் முடிவு என அமைத்தேன். இல்லாவிடின் விடை இரு துண்டாகி வந்து சேரும். இணைய வழியிலுள்ள தாமதத்தைக் கருதி, விடைக்காகக் கணினி இரண்டு செக்கன் காத்திருக்கவும் செய்தேன்.

விடை வருகின்றது என்று கண்டதே போதும் என, அன்றிரவே பேருந்தேறிக் கொழும்பு சேர்ந்தேன். விடையை அளவாக மாற்றும் நிரலை மறுநாள் எழுதி முடித்தபோது இரவு பத்து மணியைத் தாண்டிவிட்டது. முதலாவது அளவு திரையில் வந்தது: 45,060.

கடல்நீருக்கு அண்மையான எண். என் கை நடுங்கிற்று. சரிபார்ப்பு எண்களைப் பார்த்தேன், பிழை இல்லை. மீண்டும் வினவினேன்: 45,316. தாமதியாது அக்காவை எழுப்பினேன். “கிணற்றுக்குள் கடல் வந்துவிட்டது, அந்தத் தண்ணீரை ஒருவரும் குடிக்க வேண்டாம்” என்றேன். அவர் அந்நேரத்தில் அயல் வீடுகளின் படலைகளைத் தட்டிச் சொன்னார். நிரப்பி வைத்த குடங்கள் ஊற்றப்பட்டன. கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டினர் இரவோடிரவாக வேறிடத்திலிருந்து தண்ணீர் எடுத்து வந்தனராம்.

விடிந்ததும் அக்காவின் அழைப்பு வந்தது. “தம்பி, நான் இப்பதான் அள்ளிக் குடிச்சனான். தண்ணி எப்பவும் போலத்தான் இருக்குது. உன்ரை பெட்டி என்ன சொல்லுது?”

பெட்டி அப்பொழுதும் கடல் என்றே சொல்லிற்று. இரவு முழுவதும் வந்த அளவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். 45,060, 45,316, 44,804. ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு எப்பொழுதும் 256 அல்லது அதன் மடங்கு. கிணற்று நீர் 256, 256 ஆக ஏறி இறங்குமா? எட்டுப் பிற்றுக் கொண்ட ஒரு பைற்றில் அடங்கும் எண்களின் தொகையே 256 என்பது நினைவுக்கு வந்தவுடன் தலை குனிந்தேன். உணரி அனுப்பியவை 4, 176 என்னும் இரு பைற்றுகள். பெரிய பைற்று முன்னே வருவது மொட்பஸ் முறை. 4ஐ 256ஆற் பெருக்கி 176ஐக் கூட்டினால் 1200. நானோ 176ஐப் பெரியதாகக் கொண்டு 256ஆற் பெருக்கி, 4ஐக் கூட்டியிருந்தேன். சரிபார்ப்பு எண்களில் மட்டும் சிறிய பைற்று முன்னே வரும். அந்த ஒழுங்கையே அளவுக்கும் பொருத்தியதால் வந்த வினை. சரிபார்ப்பு பிழைக்கவில்லை என்பது உணரி சொன்னது அப்படியே வந்து சேர்ந்தது என்பதற்கே சான்று. கேட்டவன் அதனைச் சரியாக விளங்கிக்கொண்டான் என்பதற்குச் சான்றாகாது.

கல்லூரியில் எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர், அறிந்த அளவொன்றைக் கருவியில் வைத்துப் பாராது அறியாத அளவை எடுக்க விடமாட்டார். கடத்துதிறனுக்கு அத்தகைய நியமக் கரைசல் உண்டு. 25 பாகை செல்சியசில் 1413 காட்ட வேண்டும். அதில் உணரியை ஒருமுறை அமிழ்த்திப் பார்த்திருந்தால், என் நிரல் 34,053 என்று சொல்லியிருக்கும். பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும். ஒரு போத்தல் கரைசல் வாங்கச் சோம்பியதால் ஊரையே இரவில் எழுப்பினேன்.

நிரலைத் திருத்த ஒரு நிமிடம் போதியது. இழந்த நம்பிக்கையைத் திருத்துவது அவ்வளவு எளிதாயில்லை. ஆவணி மாதத்தில் உண்மையாகவே கிணறு பேசத் தொடங்கிற்று. தோட்டத்திற்கு மூன்று மணித்தியாலம் தொடர்ந்து இறைத்த நாள்களில், அளவு 1200இலிருந்து 2900 வரை ஏறிற்று. இரவிலே இறங்கினாலும் பழைய நிலைக்கு மீளவில்லை. மறுவாரம் 1350, அதற்கடுத்த வாரம் 1500 என்று அடிமட்டமே உயர்ந்தது. அக்காவிடம் சொன்னேன். “அண்டைக்குக் கடல் வந்தது எண்டனி. இண்டைக்குப் பாதிக் கடலோ?” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நியமக் கரைசலுடன் நேரே சென்றேன். அவர் முன்னிலையில் உணரியைக் கழுவித் துடைத்துக் கரைசலில் வைத்தேன். 1411 என்று காட்டிற்று. அக்கா அத்துடன் விடவில்லை. தொட்டியிலிருந்த மழைநீரைக் கொணர்ந்தார். அளவு ஐம்பதையும் எட்டவில்லை. அதில் ஒரு சிட்டிகை உப்பிட்டார், ஏறிற்று. இன்னுமொரு சிட்டிகை, மேலும் ஏறிற்று. பின்னர் வாளியால் அள்ளிய கிணற்றுநீர்: 1240. “நான் குடிக்கிற தண்ணி இதுதானே? அப்ப உன்ரை 2900 எங்கை?” என்று கேட்டார்.

அந்த வினாவிலேயே விடை இருந்தது. நான் உணரியைத் தொங்கவிட்டது கிணற்றின் அடியிலிருந்து ஓரடி உயரத்தில். இயந்திரத்தின் உறிஞ்சு குழாயும் அங்கேதான் நின்றது. பாரம் கூடிய உவர்நீர் அடியிலே தங்க, வாளி அள்ளுவது மேல்நீரை. அவருடைய நாவும் பிழைக்கவில்லை, உணரியும் பிழைக்கவில்லை. இருவரும் வெவ்வேறு ஆழத்து நீரைப் பற்றியே பேசியிருந்தோம். உணரியை அடி அடியாக உயர்த்தி, ஒவ்வோர் ஆழத்தின் அளவையும் அக்கா தம் கையாற் கொப்பியில் எழுதினார். எழுதி முடித்ததும் சற்று நேரம் பேசாதிருந்தார். பின், “ஐயா காலத்திலை துலா மிதிச்சு இறைச்சது. மனிசர் களைச்சு நிக்கேக்கை கிணறும் ஆறும்” என்றார். கைபென், ஹேர்ஸ்பேர்க் கணக்கை நான் சொல்லி விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்றே உறிஞ்சு குழாயை நான்கடி உயர்த்தினோம். மூன்று மணித்தியால இறைப்பு, காலையும் மாலையும் முக்கால் மணித்தியாலமாயிற்று. தோட்டக்காரருக்கு அதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தவர் அக்காவே; நான் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். அதன் பின்னர் அளவு 1700ஐத் தாண்டவில்லை. மாரி மழை பெய்து மார்கழி முடியும்போது 1150இற்கு இறங்கிற்று. இப்பொழுது நாள்தோறும் காலையில் அளவைப் பார்த்துக் கொப்பியிற் பதிபவர் அக்கா. மாதம் ஒருமுறை நியமக் கரைசலில் உணரியை வைத்துப் பார்த்த பின்னரே அம்மாதத்துக் கணக்கைத் தொடங்குகின்றார்.

என்னிடம் மேலதிகமாக ஒரு மாற்றியும் ஓர் உணரியும் உள்ளன. நமது கல்லூரிக் கிணற்றில் வைப்பதற்கென அவற்றை விஞ்ஞான மன்றத்திற்கு அளிக்க விரும்புகிறேன். நியமக் கரைசற் போத்தலொன்றும் உடன் வரும். மாணவர் அப்போத்தலை முதலிலே திறப்பார்களாக. நம்மை ஆளாக்கிய கல்லூரி அன்னை நீடு வாழ்க.