வைகாங் வந்து போன ஊர்கள்

தென் வியட்நாம் என்றொரு நாடு இருந்தது. மஞ்சள் துணியில் மூன்று சிவப்புக் கோடு போட்ட கொடி அதற்கு. 1975 ஏப்ரலில் சைகோன் விழுந்ததும் கொடி போயிற்று, நாட்டின் பெயரும் போயிற்று. ஆனால் மெர்டேக்கா காற்பந்துக் கிண்ணம் வென்றவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள், 1966-க்கு நேரே அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் 1-0 என்ற கோல் கணக்கில் பர்மாவைத் தோற்கடித்தார்கள். அந்தப் பர்மா லேசுப்பட்ட குழு அல்ல. அதே ஆண்டு டிசம்பரில் பாங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கத்தை வாங்கிக்கொண்டு போனவர்கள்.

என் தாய்மாமா அப்போது செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். ஆகஸ்டு மாதச் சம்பளத்தில் பாதி மெர்டேக்கா அரங்கத்து நுழைவுச் சீட்டுக்கே போய்விடும் என்று அத்தை கடைசி வரை குறைபட்டுக்கொண்டிருந்தார். அந்த வியட்நாமியரைப் பற்றி மாமா சொல்லும்போது குரலே மாறும். ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது, இவர்கள் இங்கே வந்து பந்தைத் தரையோடு தரையாகக் கடத்தி விளையாடுகிறார்கள் என்பார். அவர்களின் கேப்டன் டாம் லாங். ஓரத்தில் நின்ற பயிற்றுநர் முப்பதைத் தாண்டி அதிக நாள் ஆகாத ஒரு வெள்ளைக்காரர். மாமாவுக்கு அவர் பெயர் நினைவில்லை, ‘ஜெர்மன்காரன்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். பின்னாளில் அந்த ஜெர்மன்காரர் எங்கள் வீட்டுப் பேச்சில் ஓர் உறவினரைப் போல வந்து போவார் என்று அவருக்கு அன்றைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கார்ல்-ஹைன்ஸ் வைகாங். 1935-இல் பிறந்தவர். போரில் நொறுங்கிப்போன ஜெர்மனியில் வளர்ந்த தலைமுறை. அறுபதுகளில் மேற்கு ஜெர்மனி புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்குப் பொறியாளர்களையும் மருத்துவர்களையும் அனுப்பியது, அவர்களோடு காற்பந்துப் பயிற்றுநர்களையும் அனுப்பியது. டெட்மார் கிராமர் ஜப்பானுக்குப் போய் அந்த நாட்டின் ஆட்டத்தையே மாற்றினார், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் வாங்கியது. ரூடி குட்டென்டார்ஃப் ஐந்து கண்டங்களிலும் பயிற்சி கொடுத்து உலக சாதனைப் புத்தகத்திலேயே ஏறினார். அந்த வரிசையில் வைகாங்கின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. இலங்கை, தென் வியட்நாம், மாலி, கானா, மலேசியா, காபோன், வியட்நாம் என்று அவர் காலடி பட்ட மண் நீள்கிறது. பெரிய சம்பளம் தரும் ஐரோப்பியக் கிளப்புகள் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. சில மனிதர்களுக்குப் பயணமே தொழிலாகி, தொழிலே வாழ்க்கையாகிவிடுகிறது. அவர்களைப் பற்றிச் சொந்த ஊரில் எழுதமாட்டார்கள், போன ஊர்க்காரர்கள்தான் எழுத வேண்டும். நான் எழுதுவது அதனால்தான்.

மாலியைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். 1972 மார்ச்சில், கேமரூனின் யாவுண்டே நகரில், ஆப்பிரிக்கக் கிண்ண இறுதி ஆட்டம். மாலிக்கு வைகாங் பயிற்றுநர். ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை 1970-இல் முதன்முதலாகப் பெற்ற சாலிஃப் கெய்த்தா அந்தக் குழுவைச் சேர்ந்தவர், போட்டியில் அதிகமாக ஐந்து கோல் போட்ட ஃபந்தமாடி கெய்த்தாவும் அந்தக் குழுதான். இடைவேளைக்குப் போகும்போது மாலி ஒரு கோல் முன்னணியில் இருந்தது. திரும்பி வந்தபின் சில நிமிடங்களுக்குள் காங்கோ அடுத்தடுத்து மூன்று கோல் போட்டது. மாலியால் ஒன்றைத்தான் திருப்ப முடிந்தது, 3-2. அந்தக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தை மாலி அதற்குப் பிறகு இன்றுவரை எட்டவில்லை. அரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்தச் சில நிமிடங்களை பமாக்கோவில் இன்னும் ஒரு முதியவர் நினைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அதே வகை நினைப்பு எனக்கும் இருக்கிறது.

என்னுடையது 1980 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை.

சித்தியவான் பக்கம் எங்கள் தோட்டம். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த வயது எனக்கு. லயத்துக்குப் பின்னால் ஒரு மேட்டுத் திடல், ரப்பர்க் கட்டை நான்கை நட்டு இரண்டு கோல் செய்திருந்தோம். அந்த ஆண்டு எங்களில் யாரும் முன்னே நின்று கோல் போட ஆசைப்படவில்லை. அத்தனை பேருக்கும் கோல்கீப்பராக வேண்டும், காரணம் ஆறுமுகம். கிள்ளான் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை, நாட்டின் கோலைக் காக்கிறவர், கைகள் அவ்வளவு நீளம் என்பதால் ‘ஸ்பைடர்மேன்’ என்று மலாய்க்காரரும் சீனரும் நம்மவரும் ஒரே பெயரால் அழைத்த மனிதர். அவர் பந்தைப் பிடிக்கும் படம் தமிழ் நேசனில் வந்தால் வெட்டி எடுப்போம். பழைய சோற்றைக் குழைத்துத்தான் கதவில் ஒட்டுவோம், இரவில் எலி வந்து சோற்றோடு படத்தையும் தின்றுவிடும். எங்கள் கதவில் ஆறுமுகத்தின் இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்ற பந்தும் மட்டும் மிஞ்சி, அம்மா வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வரை அப்படியே இருந்தன.

மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தேர்வுச் சுற்று கோலாலம்பூரில் நடந்தது. தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா எல்லாரும் வந்திருந்தார்கள். நம் பயிற்றுநர் வைகாங். கிராணி தம் வீட்டு ரேடியோவைச் சன்னல் படியில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, தெருப்பக்கம் திருப்பிவிட்டார். கங்காணி முதல் பால்வெட்டுக்காரர் வரை அஞ்சடியில் வந்து குந்தினார்கள். மலாய் வருணனை அவர்கள் எல்லாருக்கும் முழுதாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். பெயர்கள் புரிந்தன. சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆறுமுகம், ஹசான் சானி. அந்தப் பெயர்கள் ஒன்றையடுத்து ஒன்று வேகமாக வந்தால் நல்லது நடக்கிறது, கொரியப் பெயர்கள் தொடர்ந்து வந்தால் ஆபத்து. அப்படித்தான் எங்கள் தோட்டம் அந்த ஆட்டத்தைக் ‘கேட்டுப் பார்த்தது’.

1-1 என்று இழுத்துக்கொண்டு போன ஆட்டம். ஓட்டத்துக்குப் பேர்போன சபாக்காரர் ஹசான் சானி பந்தோடு பாய்ந்து கொண்டுபோய்க் கொடுக்க, இன்னொரு சபாக்காரர் ஜேம்ஸ் வோங் கோலுக்குள் அடித்தார். ரேடியோவில் வருணனையாளர் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை, அரங்கத்தின் இரைச்சல் அவரை மூழ்கடித்துவிட்டது. அந்த இரைச்சலில் இருந்துதான் கோல் என்று தெரிந்துகொண்டோம். 2-1. கொரியா வெளியே, மலேசியா மாஸ்கோவுக்கு. அப்பா என் தலையைப் பிடித்து ஆட்டினார். அவர் என்னை அப்படித் தொட்டு மகிழ்ந்த வேறொரு நாள் எனக்கு நினைவில்லை.

மாஸ்கோவுக்கு யாரும் போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்திருந்தது, மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அரசின் முடிவில் நியாயம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஆட்டக்காரனின் கால்களுக்கு அதற்கென்று சில ஆண்டுகள்தான் உண்டு, அவை அடுத்த ஒலிம்பிக்குக்காகக் காத்திருப்பதில்லை. நம் இடத்தில் ஈராக் போனது. காலிறுதி வரை முன்னேறி, கிழக்கு ஜெர்மனியிடம் தோற்றது. அந்தக் காலிறுதி நமக்கும் கிடைத்திருக்கும் என்று அப்பா சாகும்வரை நம்பினார். 1972-இல் மியூனிக் போய் அமெரிக்காவை 3-0 என்று வென்றுவிட்டு வந்த நாடு நாம், நம்பியதில் தப்பில்லை. 1980-க்குப் பிறகு ஒலிம்பிக் காற்பந்துக்கு மலேசியா தகுதி பெறவே இல்லை.

வைகாங் 1982 வரை இங்கே இருந்துவிட்டுக் கிளம்பினார். அடுத்து அவர் எங்கே இருந்தார் என்பதெல்லாம் எங்களுக்கு எட்டவில்லை. தோட்டமும் கலைந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், லயங்கள் காலியாயின, நாங்கள் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தோம். 1988 டிசம்பரில் ஒரு கார் விபத்தில் ஆறுமுகம் இறந்தார். வயது 35. செய்தி வந்த நாளில் தோட்டத்துப் பழைய கூட்டாளிகள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது ஞாபகம். துக்க வீடு வேறெங்கோ இருக்க, எதற்கு இங்கே வந்தார்கள் என்று அம்மா கேட்கவில்லை, தேநீர் கலக்க உள்ளே போய்விட்டார். 1991-இல் மலேசியாவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் மொக்தார் டாஹாரி நோயில் போனார், அவருக்கும் நாற்பது ஆகவில்லை.

1995-இல் திடீரென்று அந்தப் பெயர் மறுபடியும் பத்திரிகையில் வந்தது. வைகாங், வியட்நாம் பயிற்றுநர். இந்த முறை வியட்நாம் ஒரே நாடு, கொடி சிவப்பு, நடுவில் மஞ்சள் நட்சத்திரம். முப்பதாண்டுக்கு முன் அவர் யாருக்குக் கிண்ணம் வாங்கித் தந்தாரோ அந்த நாட்டை வென்றவர்களின் கொடி. எந்த மனநிலையில் அவர் அந்த விமானம் ஏறியிருப்பார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவரது பழைய கேப்டன் டாம் லாங் போருக்குப் பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. சைகோன் துறைமுகக் குழுவில் ஆடி, பிறகு அதற்கே பயிற்றுநராகிவிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில், தாய்லாந்தின் சியாங்மாயில், தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி. அரையிறுதியில் எதிரே நின்றது மியன்மார். பெயர் மாறிய அதே பர்மா! கூடுதல் நேரத்தில் டிரான் மின் சியன் தங்க கோல் போட, 2-1. இறுதி ஆட்டத்தில் தாய்லாந்திடம் 4-0 என்று தோற்றாலும் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. நாடு ஒன்றானபின் வியட்நாம் காற்பந்தில் பெற்ற முதல் பெரிய பதக்கம் அது. மாமா அப்போது உயிரோடு இருந்தார். செய்தியைப் படித்துக் காட்டியபோது, “அந்த ஜெர்மன்காரனா? இன்னுமா சுத்திக்கிட்டு இருக்கான்?” என்று எழுந்து உட்கார்ந்தார்.

பிறகு அவர் எங்கள் ஊருக்கே வந்தார். பேராக் குழுவுக்கு. பேராக் 1970-க்குப் பின் மலேசியக் கிண்ணத்தைத் தொட்டதில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால்தான் ஆட்டத்தை விற்ற ஊழலில் நாட்டின் காற்பந்தே நாறிப்போயிருந்தது, அரங்கத்துக்குப் போவதை அப்பா நிறுத்தியிருந்தார். வைகாங் வந்துவிட்டார் என்றதும் மறுபடி கிளம்பினார். ஈப்போ அரங்கத்து வாசலில் புந்தோங்கிலிருந்து வரும் நம்மவர்களின் கச்சாங் பூத்தே வண்டிகள் வரிசையாக நிற்கும். பழைய பள்ளிப் பயிற்சி நோட்டுத் தாளைக் கூம்பாகச் சுருட்டி, வறுத்த கடலையும் முறுக்குத் துண்டும் ஓமப்பொடியும் கலந்து தருவார்கள், தின்று முடித்தபின் எந்தப் பிள்ளையோ போட்ட கணக்கும் அதன்மேல் ஆசிரியரின் சிவப்பு மைத் திருத்தமும் தெரியும். அப்பா கடலையைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன மறந்து, ஓரத்தில் நின்ற அந்த முதிய மனிதரையே பார்த்துக்கொண்டிருப்பார். 1998-இல் தெரெங்கானுவைப் பெனால்டியில் வென்று கிண்ணம் வந்தது. 2000-இல் நெகிரி செம்பிலானை 2-0 என்று வென்று மறுபடியும் வந்தது. அந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் அப்பா போனார். ஆறுமுகத்துக்கும் மொக்தாருக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

2016 ஜனவரியில் ‘ஓலா போலா’ படம் வந்தது. 1980-ஐ அடியொற்றிய கதை. மூன்று இனத்துப் பிள்ளைகளும் ஒரே குழுவாக நிற்கும் அந்தப் படத்தை நாடே கொண்டாடியது, நானும் கண் கலங்கித்தான் பார்த்தேன். ஆறுமுகத்தை நினைவுபடுத்தும் முத்து என்ற கோல்கீப்பர் அதில் இருக்கிறான், அவன் பந்தைத் தாவிப் பிடிக்கும்போது பக்கத்தில் இருந்த என் மகனின் தோளை அழுத்திவிட்டேன். ஆனால் பயிற்றுநர்? படத்தில் அவர் ஓர் ஆங்கிலேயர், பெயர் ஹாரி மவுண்டன். கதைக்காகப் பெயர்களை மாற்றுவது வழக்கம்தான், ஆட்டக்காரர்களுக்கும் மாற்றியிருந்தார்கள். இருந்தாலும் ஆறுமுகத்தை முத்துவில் அடையாளம் காண முடிந்தது, ஜேம்ஸ் வோங்கையும் காண முடிந்தது. வைகாங்கைக் காண முடியவில்லை. அது எனக்கு உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

இதில் என்னைக் கலக்குவது என்னவென்றால், அந்தப் படம் வெளிவந்த சமயம் வைகாங் இந்த நாட்டில்தான் இருந்தார். 80 வயதில், அந்தப் பருவத்துக்குப் பேராக் அவரை மறுபடி அழைத்திருந்தது. ஈப்போத் திரையரங்கில் ஹாரி மவுண்டன் ஆட்டக்காரர்களை விரட்டிக்கொண்டிருக்க, அதே ஊரில் உண்மையான பயிற்றுநர் பேரப்பிள்ளை வயதுள்ள பையன்களை வைத்துப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பொறுப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 2017 ஜூனில் அவர் இறந்துபோனார், 81 வயது.

1966-இல் மெர்டேக்கா அரங்கில் நின்றவரும் 1980-இல் அதே அரங்கில் நின்றவரும் ஒரே மனிதர் என்று படம் பார்த்துவிட்டு வந்த இரவு என் மகனிடம் சொன்னேன். அவன் நம்பாமல் கைப்பேசியில் தேடினான். அவர் போன நாடுகளை ஒவ்வொன்றாக அவன் உரக்கப் படிக்க, ஒவ்வொரு நாட்டுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன். மாலிக்கு வரும்போது நேரம் நள்ளிரவைத் தாண்டிவிட்டது. இன்னும் காபோன் பாக்கி இருந்தது. அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, இனி அங்கேயும் ஒருவரைத் தேட வேண்டும்.