பேரிங் கடுதாசி

லால் பஜார் வீட்டுக்குப் பேரிங் கடுதாசி வந்தால் பாட்டி முதலில் தபால்காரரைத் திட்டுவாள். அப்புறம் எழுதியவரை. அதற்கப்புறம்தான் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எண்ணுவாள். ஆற்காட்டுப் பக்கம் இருந்த அவள் தம்பிக்கு ஸ்டாம்பு ஒட்டும் வழக்கமே கிடையாது. ஒட்டினால் வழியில் எவனாவது உரித்துக்கொள்வான். பேரிங்காகப் போட்டால் காசு வசூலிக்கவாவது தபால்காரன் வீடு தேடி வருவான் என்பது அவர் கட்சி. எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கம்பெனி காலத்து ஜனங்களும் இதே நியாயத்தைத்தான் சொன்னார்கள் என்று பின்னாளில் படித்தபோது, அந்தத் தாத்தா மாமாவின் மேல் திடீரென்று ஒரு மரியாதை வந்தது.

பழைய கடிதம் சேர்க்கிறவனுக்கு, எங்கள் லால் பஜார் இருக்கிற திருமுல்கேரி அவ்வளவு ராசியான ஊர் இல்லை. இங்கே கோட்டை மதிலும் ராணுவச் சிறையும் 1857 கலகத்துக்குப் பிறகு எழுந்தவை. தபால்தலையோ 1854இலேயே வந்துவிட்டது. ஸ்டாம்புக்கு முந்திய கடிதம் வேண்டுமானால் செகந்திராபாத் என்றோ ஹைதராபாத் என்றோ முத்திரை விழுந்ததைத்தான் தேட வேண்டும். செகந்திராபாத் 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரில் உருவான படைமுகாம். மதராஸ் படையின் பட்டாளங்கள் அங்கே இருந்தன. எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊருக்கு வந்த கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

நான் முதலில் வாங்கியது 1843இல் செகந்திராபாத்திலிருந்து மதராஸுக்குப் போன கடிதம். புராணாபுல் பக்கத்து ஜும்மேராத் பஜாரில், சாவியில்லாத பூட்டுக்கும் மூக்குடைந்த கூஜாவுக்கும் நடுவே கிடந்தது. உறை கிடையாது. அந்தக் காலத்தில் எழுதிய தாளேதான் உறை. தாளை மடித்து, ஒரு நுனியை இன்னொன்றுக்குள் செருகி, சேருகிற இடத்தில் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்துவார்கள். வெளியே தெரிகிற பக்கத்தில் விலாசம். பிரிக்கும்போது அரக்கு தாளையும் பிய்த்துக்கொண்டு வரும். கைப்பழக்கம் உள்ளவர்கள் அந்த இடத்தை வெற்றாக விட்டுச் சுற்றி எழுதினார்கள். என் ஆளுக்கு அந்தச் சூட்சுமம் தெரியவில்லை. ஒரு குதிரையை என்ன விலைக்கு விற்றார் என்று எழுதிய இடம் அரக்கோடு போய்விட்டது. விலை தெரியாமல் இத்தனை வருடமாக அந்தக் குதிரை என் மனதில் நின்றுகொண்டிருக்கிறது.

மையும் சும்மா இருப்பதில்லை. மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த மை அது. எழுதிக் காய்ந்ததும் கறுப்பு, வருடம் போகப் போகப் பழுப்பு, கடைசியில் தாளையே அரித்துவிடும். அழுத்தி எழுதுகிறவர்களின் கடிதம் வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை. செல்லோடேப் போட்டு ஒட்டி விற்கிற வியாபாரிகளைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

விலாசப் பக்கத்தில்தான் எங்கள் கூட்டத்துக்கு உயிர். 'போஸ்ட் பெய்டு' என்றால் அனுப்பியவர் கொடுத்துவிட்டார்; 'பேரிங்' என்றால் வாங்குகிறவர் கொடுக்க வேண்டும். முன்னது பெரும்பாலும் சிவப்பு மையில், பின்னது கறுப்பில். 1837 சட்டப்படி எடைக்கும் தூரத்துக்கும் தக்கபடி கட்டணம். ஒரு தோலா எடைக் கடிதம் கல்கத்தாவிலிருந்து பம்பாய் போக ஒரு ரூபாய், ஆக்ரா போகப் பன்னிரண்டு அணா. கம்பெனிச் சிப்பாயின் மாதச் சம்பளம் ஏழு ரூபாய் என்பதை வைத்துக்கொண்டு அந்த ஒரு ரூபாயைப் பாருங்கள். இங்கிலாந்திலும் தபால் செலவு ஏழைக்கு எட்டாததாகத்தான் இருந்தது. விலாசத்தோடு ஏதாவது அடையாளக்குறி போட்டு அனுப்புவார்கள். வாங்குகிறவர் அதைப் பார்த்துச் செய்தி தெரிந்துகொண்டு, கடிதம் வேண்டாம் என்று திருப்பிவிடுவார். நம் ஊர் மிஸ்டு கால்தான், வேறென்ன. ரோலண்ட் ஹில் சீர்திருத்தம் கொண்டுவந்து 1840இல் அங்கே ஒரு பென்னி தபால்தலை பிறந்ததற்கு இந்த மாதிரித் தொல்லைகளும் ஒரு காரணம்.

நம் பக்கம் முன்பணம் கட்டும் யோசனை அதற்கு வெகுகாலம் முன்பே வந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1774இல் பொதுமக்களுக்குத் தபாலைத் திறந்துவிட்டபோது பாட்னாவில் இரண்டு அணாச் செப்பு வில்லைகள் அடித்தார்கள். அதில் ஒன்றையாவது கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பர்ஸ் இடம் கொடுக்காது. மதராஸில் தபால் நிலையம் 1786 ஜூன் 1இல் திறந்தது. சிந்து மாகாணத்தில் 1852இல் அரையணாத் தபால்தலை. 1854 அக்டோபர் 1 முதல் புதிய சட்டப்படி இந்தியா முழுதும் கால் தோலாக் கடிதம் எவ்வளவு தூரம் போனாலும் அரை அணா. ஒட்டாமல் போட்டால் வாங்குகிறவருக்கு இரட்டைக் கட்டணம். பாட்டியின் திட்டுக்கு மூலகாரணம் அந்தச் சட்டம்தான். நிஜாம் தன் சொந்தத் தபால்தலையை 1869இல் வெளியிட்டார்.

இத்தனை வருடச் சேகரிப்பில் தமிழில் எழுதிய ஸ்டாம்புக்கு முந்திய கடிதம் ஒன்றுகூட எனக்கு அகப்படவில்லை. அந்தக் கட்டணத்துக்குச் சாதாரண ஜனங்கள் ஏன் தபாலுக்குப் போகப்போகிறார்கள்? ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வந்ததையும் நாம் வைத்திருப்பதில்லை. மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம். கறுப்பு மை என்றால் சாவு. சாவுக் கடிதத்தைப் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டில் தங்கக்கூடாது. தரங்கம்பாடிப் பாதிரிமார் கேட்ட கேள்விகளுக்கு 1712 முதல் 1714 வரை தமிழர்கள் எழுதிய பதில் கடிதங்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பாக ஹாலே நகரத்தில் அச்சாகி நிலைத்துவிட்டன. தமிழ் மூலம் போன இடம் தெரியவில்லை.

வியாபாரிகளும் தங்கள் பங்கைச் செய்கிறார்கள். முத்திரை விழுந்த பக்கத்தை மட்டும் கத்தரித்து ஆல்பத்துக்கு விற்பார்கள்; எழுதிய பாகம் கழிவுக் காகிதம். எழுபத்தைந்து வருடம் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள ஆவணத்தை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது என்று 1972இன் தொல்பொருள் சட்டம் சொல்கிறது. கத்தரிக்கோலுக்கு அந்தச் சட்டத்தில் என்ன தடை? முத்திரையைப் படிக்கத் தெரிந்த அளவுக்கு உள்ளே இருக்கிற கையெழுத்தைப் படிக்கப் பொறுமை உள்ளவர்கள் எங்கள் கூட்டத்தில் குறைவு. தாள் விலை போகிறது, மனுஷன் விலை போவதில்லை.

எனக்குப் பிரியமான ஹைதராபாத் கடிதங்கள் என்னிடம் இல்லை, வரவும் வராது. அவற்றின் பின்னால் ஒரு குடும்பக் கதை உண்டு. கோட்டியில் உள்ள பிரிட்டிஷ் ரெசிடென்சியைக் கட்டிய ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக், ஹைதராபாத் உயர்குடிப் பெண் கைருன்னிசாவை மணந்தவர். 1805 செப்டம்பரில் இரண்டு குழந்தைகளையும் மதராஸில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பெண் குழந்தைக்கு மூன்று வயது. அனுப்புமுன் ஜார்ஜ் சின்னரி இருவரையும் ஹைதராபாத் உடையிலேயே ஓவியமாகத் தீட்டினார். அடுத்த மாதம் தகப்பன் கல்கத்தாவில் இறந்தார்; தாய் 1813இல். மகள் கிட்டியாக வளர்ந்தாள். தாமஸ் கார்லைல் தன் புத்தகத்தில் ஒரு நாயகியை அவளைப் பார்த்துத்தான் படைத்தார் என்பார்கள்.

அவளுடைய பாட்டி ஷரஃபுன்னிசா இங்கே உயிரோடிருந்தார். 1841இல் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கியது. பேத்தி எழுதுவது ஆங்கிலத்தில். பாட்டி பாரசீகத்தில் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுவார். பொன்துகள் தூவிய தாள், மேலே சரிகைப் பை, அதற்கு முத்திரை. ஆறு வருடம் எழுதிக்கொண்டார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. 1847இல் பாட்டி காலமானார். இந்தக் கதையை வில்லியம் டால்ரிம்பிள் 2002இல் தன் 'ஒயிட் முகல்ஸ்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

ஒரு வியாழக்கிழமை ஜும்மேராத் பஜாரில் மழை வந்துவிட்டது. தார்ப்பாய்க்கு அடியில் நின்றபடி, எனக்கு வழக்கமாகக் கடிதம் எடுத்துவைக்கும் கடைக்காரருக்கு இதை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பேத்தி திரும்பி வரவே இல்லையா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு வியாபாரப் புத்தி எட்டிப் பார்த்தது.

"அந்தக் காகிதத்துல தபால் முத்திரை இருக்குமா சாப்?"

"சரிகைப் பையில வந்ததுல முத்திரை எங்கேப்பா இருக்கப்போவுது?"

"அப்போ கிடைச்சாலும் நம்ம ஆளுங்க வாங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, நனைந்த பூட்டுகளைத் துடைக்கப் போய்விட்டார்.